ஒரு கறுப்புப் பாசி

மூன்று வருடத்துக்கு முன், பொங்கலுக்கு இருபது நாள் இருக்கும்போது உசிலம்பட்டியில் என் வீட்டில் நடந்தது இது. மாடுகளுக்கு நெற்றிப்பட்டை, கழுத்துப்பட்டை செய்து விற்கிறேன். வருடம் பூராவும் ஈ ஓட்டுகிற தொழில். மார்கழி பிறந்துவிட்டால் மட்டும் சாப்பிட நேரமிருக்காது. உல்லன் நூல், சிவப்புப் பாசிமணி, சலங்கை எல்லாவற்றையும் துணிப்பையில் போட்டுப் பக்கத்து ஊர்ப் பெண்களிடம் கொடுப்பேன். வீட்டிலேயே கோர்த்து, அதே பையில் கொண்டுவந்து தருவார்கள்.

நான் கொஞ்சம் சந்தேகப் பேர்வழி. கேஸ் சிலிண்டரைக்கூட அசைத்துப் பார்க்காமல் வாங்கமாட்டேன். "நீ போலீசுக்குப் போயிருக்கணும்" என்று வீட்டுக்காரர் கிண்டல் செய்வார்.

அந்த வருடம், முன்பு வேறோர் இடத்துக்குப் பட்டை கோர்த்துக் கொடுத்துக்கொண்டிருந்த ஒரு பெண் புதிதாகச் சேர்ந்தாள். டவுன் பஸ்ஸில் வருவாள். பேச்சு குறைவு, கை மட்டும் அப்படியொரு வேகம். சந்தையில் அவள் கோர்த்த பட்டைதான் முதலில் விலைபோகும். அதுவே எனக்கு உறுத்தியது. இவ்வளவு நன்றாக வேலை செய்கிறவளை முன்பு வைத்திருந்தவர்கள் ஏன் விட்டார்கள்?

ஒருநாள் ஒத்தக்கடையிலிருந்து ஒரு காளைக்காரர் போன் செய்தார். "ஏக்கா, செவப்பு வரிசையில ஒத்தக் கறுப்புப் பாசி கெடக்கு. என்ன, சரக்குத் தட்டுப்பாடா?" என்றார். சிரித்து மழுப்பிவிட்டு, கையிருப்பை எல்லாம் எடுத்துப் பார்த்தேன். அந்தப் பெண் கோர்த்த ஒவ்வொரு பட்டையிலும் இடப்பக்கக் குஞ்சத்தை ஒட்டி ஒரு கறுப்புப் பாசி இருந்தது. மற்றவர்கள் செய்ததில் இல்லை.

அவ்வளவுதான். நல்ல பாசியை உருவிக்கொண்டு மட்டமானதைச் சேர்க்கிறாள் என்று முடிவு கட்டிவிட்டேன். அதன்பிறகு அவள் வாசலில் நின்று போனில் மெதுவாகப் பேசியது, தன் கைப்பையை அணைத்துப் பிடித்தது எல்லாமே திருட்டுத்தனமாகத் தெரிந்தது. அடுத்த பையில் பாசியை எண்ணிப் போட்டேன். பட்டைகள் வந்ததும் அவற்றில் கோர்த்திருந்ததை எண்ணினேன். சிவப்பு குறைந்தது.

மற்ற நான்கு பெண்கள் இருக்கும்போதே கேட்டேன். "மிச்சப் பாசி எங்க? ஒன் கைப்பையக் கொட்டு, பாப்போம்."

அவள் கைப்பையைத் தொடவே இல்லை. சீசன் முடிந்ததும் துவைக்கலாம் என்று நான் மூலையில் குவித்திருந்த துணிப்பைகளிடம் போனாள். தான் திருப்பித் தந்த பைகளைத் தேடியெடுத்து, ஒவ்வொன்றாகத் தலைகீழாக உதறினாள். ஒவ்வொன்றிலிருந்தும் கந்தலில் முடிந்த சின்ன முடிச்சு விழுந்தது. உள்ளே சிவப்புப் பாசி.

"மிச்சத்த அடியில முடிஞ்சு வச்சுத்தேன் குடுத்தேன். நீங்க எடுத்திருப்பீங்கன்னு நெனச்சேன்."

என் வாய் அப்போதும் அடங்கவில்லை. "அப்ப அந்தக் கறுப்பு எதுக்கு?"

"கண்ணு படாம இருக்கத்தேன். அம்புட்டுப் பேரு பாக்குற மாடு. எம் மகளுக்குக் கன்னத்துல பொட்டு வைக்கமாட்டனா, அது மாதிரி. நானே வாங்கித்தேன் கோத்தேன். கேட்டிருந்தாச் சொல்லியிருப்பேன்ல?"

தப்பாக நினைத்துக்கொள்ளாதே என்று ஏதோ உளறினேன். அன்றைக்குக் கொடுக்க வைத்திருந்த பத்துப் பட்டைக்கான நூலையும் பாசியையும் அவளே எடுத்துக்கொண்டாள். "ஒத்துக்கிட்ட வேலைய முடிச்சுத் தந்துர்றேன். போறேன்க்கா" என்றாள். எங்கள் பக்கம் கிளம்பும்போது யாரும் 'போறேன்' என்று சொல்வதில்லை, 'வாரேன்' என்றுதான் சொல்வோம்.

நான்காம் நாள் டவுன் பஸ் கண்டக்டரிடம் அவள் கொடுத்தனுப்பிய பை வந்தது. அடியில் முடிச்சும் இருந்தது. பட்டைகளில் ஒரு குறை சொல்ல முடியாது. திருட்டைத் தேடிய அதே கண்ணால் குஞ்சத்துப் பக்கம் ஒவ்வொன்றாகத் தேடினேன். பத்திலும் ஒரு கறுப்புப் பாசிகூட இல்லை. அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

பொங்கல் முடிந்து அவள் வீட்டுக்கே போய் மன்னிப்புக் கேட்டேன். காப்பி கொடுத்தாள், நன்றாகத்தான் பேசினாள். வேலைக்கு மட்டும் வரவில்லை.

இப்போது ஒவ்வொரு பட்டையிலும் கறுப்புப் பாசியை நானே கோர்க்கிறேன். மாட்டின் மேல் ஊர்க்கண் படக்கூடாது என்று அவ்வளவு யோசித்தவள் மேல் பட்டது என் கண்தானே என்ற நினைப்பு ஒவ்வொரு முறையும் வருகிறது.