கல்பகத்தின் சிவப்புத் துணி

ஹப்சிகுடாவில் வசிக்கும் கல்பகத்துக்கு எதற்கெடுத்தாலும் மூக்குக்கு மேல் கோபம் வரும். பால்காரன், லிஃப்ட், பக்கத்து வீட்டு நாய் என்று யாரும் தப்பியதில்லை. சென்னையில் ஒரு கல்யாணத்தை முடித்துக்கொண்டு குடும்பத்தோடு விமானத்தில் திரும்பிய அன்று, வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்தால் உள்ளே கூடவே விமானத்தில் வந்த நாத்தனார் சுகுணாவின் துணிமணிகள். உடனே போவன்பள்ளியில் இருக்கும் சுகுணா வீட்டுக்கு போன் பறந்தது.

"என் பெட்டியைத் தூக்கிண்டு போயிருக்கியே, கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு? கைப்பிடியில அடையாளத்துக்குச் சிவப்புத் துணி கட்டியிருந்தேனே!"

"அதைப் பார்த்துத்தான் எடுத்தேன், மன்னி. கிளம்பறச்சே எல்லார் பெட்டியிலயும் அதே சிவப்புப் புடவையைக் கிழிச்சுக் கட்டினது நீங்கதானே?"

கல்பகம் போனைச் சோபாவில் எறிந்தாள். கணவர் வெங்கடராமன் சிரிப்பை அடக்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"இப்ப சிரிங்கோ! நான் கட்டறச்சே உங்க வாயில என்ன கொழுக்கட்டையா இருந்தது?"