தும்மாத மில்லக்கா

மிளகாய் அரைக்கிற மில்லில் தும்மாமல் யார் இருக்க முடியும்? பையோடு வாசலில் நிற்பவர்கள் ஒருவர் பின் ஒருவராகத் தும்முவார்கள். மில்லை நடத்துகிறவள் மட்டும் தும்ம மாட்டாள். காலோடு காலைப் பின்னிக்கொண்டு, மூக்கின் அடியை விரலால் அழுத்தி, மூச்சைப் பிடித்து நிற்பாள்.

"மில்லக்காவுக்கு மூக்கு மரத்துப்போச்சு" என்று கேலி செய்வார்கள். அவள் சிரிக்கவும் மாட்டாள். சிரித்தாலும் அதே கதிதான்.

அவளுடைய கடைசிப் பிள்ளைக்குப் பிறக்கும்போதே தலை பெரிது. அதைப் பெற்ற நாள் முதல் அவளுக்கு, மூட்டையைத் தூக்கினால், தும்மினால், இருமினால் சிறுநீர் சொட்டிவிடும். நாற்பதைத் தாண்டியதும் சொட்டு என்பது போய், துணியே நனைய ஆரம்பித்தது. ஈரம் தெரியக் கூடாதென்று, மாவு பறக்கிற இடத்தில் கறுப்புத் துணி உடுத்துகிற பைத்தியம் அவள் ஒருத்திதான்.

அவளுக்கு ஒரு சித்தி இருந்தாள். யார் வீட்டுக்குப் போனாலும் உட்கார மாட்டாள், நின்றபடியே பேசிவிட்டுக் கிளம்பிவிடுவாள். திமிர் பிடித்தவள் என்று பேர் வாங்கியே போய்ச் சேர்ந்தாள். அது என்ன திமிர் என்று மில்லக்காவுக்கு இப்போதுதான் விளங்கியது.

அவள் மில்லின் பின்பக்கம் துணி அலசிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு விஷயத்தைக் கறந்தவள் அண்ணி, அவள் அண்ணனின் பெண்டாட்டி.

"வயசானா வர்றதுதானே அண்ணி."

"நரையும்தான் வருது. நீ சாயம் பூசாமலா இருக்க? கிளம்புடி."

பெண் டாக்டர் முதலில் பயிற்சிதான் சொன்னாள். அன்று கைக்குழந்தையோடு வந்திருந்த ஒரு சின்னப் பெண்ணுக்கும் அதே தொல்லை. இன்னொரு பிள்ளை வேண்டும் என்றதால் அவளுக்கு ஆபரேஷன் அப்புறம் பார்க்கலாம் என்றாகிவிட்டது. இருவரும் நர்ஸிடம் இடுப்படித் தசையை இறுக்கிப் பழகினார்கள். சின்னவளுக்குப் பலன் கிடைத்தது. மில்லக்கா மாதக்கணக்கில் விடாமல் செய்தும் துணி நனைவது நிற்கவில்லை.

மறுபடி போனபோது, மேசையில் படுக்க வைத்து, "நல்லா இருமுங்க" என்றாள் டாக்டர்.

மில்லக்கா பூனைபோல இருமினாள். ஒரு சொட்டும் வரவில்லை.

"கசியலையேம்மா. கண்ணால பார்க்காம நான் கத்தி எடுக்க மாட்டேன்."

வருஷக்கணக்கில் மறைத்துப் பழகிய உடம்பு, காட்ட வேண்டிய இடத்திலும் மறைத்தது. இப்படியே திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று அவளுக்குக் கண் கலங்கியது.

திரைக்கு அந்தப் பக்கமிருந்து அண்ணி எட்டிப் பார்த்தாள். "அவ காலைப் பாருங்க டாக்டர், கயிறு திரிச்ச மாதிரி வச்சிருக்கா. அடியே, மானத்தைக் காப்பாத்துற இடமாடி இது? இவங்க பார்க்காத மானமா?"

மில்லக்காவுக்குச் சிரிப்பு பீறிட்டது. விரிப்பு நனைந்தது.

"போதும், போதும், பார்த்துட்டேன்" என்றாள் டாக்டர், அவளும் சிரித்துக்கொண்டே.

சிறுநீர்க் குழாயின் அடியில் ஊஞ்சல்போலத் தாங்க ஒரு பட்டை வைப்பார்களாம். செயற்கை நாடாவும் உண்டு, சொந்த வயிற்றுச் சவ்விலிருந்து எடுத்தும் வைக்கலாம். "என் உடம்புல இருக்கிறதே போதும்" என்றாள் மில்லக்கா. சிலருக்கு அதன்பின் சிறுநீர் இறங்குவதே சிரமமாகிவிடும் என்பதையும் டாக்டர் ஒளிக்காமல் சொன்னாள்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. சிறுநீர் வடிய வைத்திருந்த ரப்பர் குழாயை எடுத்த நர்ஸ், "தானா போயிட்டா வீட்டுக்கு. போகலைன்னா திரும்பவும் குழாய்தான்" என்றாள்.

மில்லக்கா கழிவறையில் உட்கார்ந்தாள். வரவில்லை. திரும்பி வந்து சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். வராதே, வராதே என்று இத்தனை காலம் வேண்டிக்கொண்டவள், இப்போது வாயேன் என்று கெஞ்சவேண்டியதாயிற்று.

பக்கத்துக் கட்டிலில் இருந்தவளுக்கு எழுபது வயதுக்கு மேல். அவளுக்கும் இதே ஆபரேஷன். "நேத்து நானும் இப்படித்தான் அழுதேன், கண்ணு. அதை விரட்டாதே. வேற எதையாவது நினைச்சுக்கிட்டு சும்மா உட்காரு" என்றாள்.

மறுபடி போனாள். கதவுக்கு வெளியே அண்ணி காவல்.

"வந்துச்சா?" வார்டு முழுக்கக் கேட்டது.

"மெதுவா பேசுங்க அண்ணி, மானம் போகுது!"

"இன்னும் மிச்சம் இருக்காடி அது?"

பக்கத்துக் கட்டில்காரி சொன்னபடி மில்லக்கா உள்ளே சும்மா உட்கார்ந்தாள். வெளியே கட்டில்காரிகள்கூடப் பேச்சை நிறுத்திவிட்டார்கள். முதலில் மெல்லிய கோடு, பிறகு நிற்காத ஓட்டம். மில்லக்கா அந்தச் சத்தத்தைக் கடைசிவரை கேட்டாள். பிறகு யார் காதில் விழுந்தால் என்ன என்று தொண்டை திறந்து கத்தினாள்:

"வந்துச்சு அண்ணி!"