திருகாணி மேல் ஒரு சீட்டு

தம்பிக்கு 'வாரண்டி' என்று பெயர் விழுந்ததை அக்காக்காரி முதலில் கேட்டது, தனக்குக் கல்யாணமான வருடம், புருஷன் வாயிலிருந்துதான். செருப்புக்குக்கூடப் பில் கேட்டு வாங்கி பிஸ்கட் டப்பாவில் சேர்க்கிறவன் அவன். "குடை கிழிஞ்சா பில்லைப் பிடிச்சுக்கிட்டு நடப்பியாடா, வாரண்டி?" என்றார், தம்பிக்கு மாமனாகிவிட்ட அந்தப் புருஷன். வீடே சிரித்தது. அவளும்தான் சிரித்தாள்.

அந்த வாரண்டி வளர்ந்து, இனிமேல் கட்டப்போகிற வீடுகளைக் கட்டி முடித்த மாதிரியே கம்ப்யூட்டரில் படம் போட்டுப் பிழைத்தான். அதற்கு நல்ல கிராபிக்ஸ் கார்டு வேண்டும். புதிது வாங்க வக்கில்லை. அக்காள் புருஷனிடம் ஒன்று இருந்தது.

தம்பிக்கு விற்பதற்கு முந்தின வாரம் அவர் அதைக் கழற்றித் தூசி தட்டினார். திருகாணி மேலிருந்த பொட்டளவு சீட்டு கிழிந்துபோயிற்று. துணிக் கிடங்கில் பத்து வருடமாக விலைச் சீட்டு ஒட்டுகிற பெண்டாட்டியிடம் நீட்டினார். "உன் கைதான் சரி." எதற்கென்று கேட்காமல் ஊசி முனையில் பசை தொட்டு ஒட்டிக் கொடுத்தாள்.

"பில் இருக்கா மாமா?" என்றான் வாங்க வந்த வாரண்டி.

"பில்லு இருக்கு, கம்பெனி வாரண்டி ஒரு வருஷம் இருக்கு, மாமன் வாக்கு வேற இருக்கு. மூணு வாரண்டி மாப்ள!" சொல்லிவிட்டு அவளை ஒரு பார்வை பார்த்தார். அப்போதுதான் அவளுக்கு எங்கோ சுருக்கென்றது. எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள்.

நாலாம் மாதம், ஒரு பெரிய கட்டடக்காரரின் வேலை பாதியில் நிற்க, கார்டு கண்ணை மூடியது. சர்வீஸ் கடைக்காரர் பில்லைத் தொடவே இல்லை. அந்தச் சீட்டை நகத்தால் கிளப்பினார்.

"இது கம்பெனி சீல், தம்பி. யாரோ கழட்டிட்டு ஒட்டியிருக்காங்க. இனி வாரண்டி கிடையாது. ஆனா ஒட்டின கைக்கு ஒரு கும்பிடு!"

வாரண்டி நேரே அக்காள் வீட்டுக்கு வந்தான்.

"பழசு வாங்கிட்டுப் புதுசுக்கு அழுதா எப்படி மாப்ள?" என்றார் மாமன், டீயை உறிஞ்சிக்கொண்டே.

அவன் அவர் பக்கம் திரும்பவில்லை. "நீ ஒட்டினதாக்கா?"

ஆமாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். "எனக்கென்னடா தெரியும்" என்று வந்தது.

"நல்லாத்தான் ஒட்டியிருக்கே," என்றான்.

கட்டடக்காரர் வேலையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார். இப்போது வாரண்டி அவரிடமே வாசல் காவலில் லாரி நம்பர் எழுதுகிறான். அக்காள் வீட்டிலிருந்து இரண்டு தெரு. வருவதில்லை.