ஒரே வட்டத்தில் இரண்டு நிறம்

எனக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்றுபோலத்தான் தெரியும். பிறவியிலேயே அப்படி. இரண்டுமே காய்ந்த சோளத்தட்டை மாதிரி ஒரு மங்கல். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. லைசென்ஸ் எடுத்தபோது கண் சோதனைத் தாளில் ஆளைப் பார்க்காமலே கையெழுத்து விழுந்தது. அதை வைத்துப் பதினோரு வருஷம் வேன் ஓட்டினேன்.

கடம்பூர்ப் பக்கத்துக் கிராமங்களில் பெண்களை ஏற்றிக் கோவில்பட்டியில் தீப்பெட்டி செய்கிற ஒரு ஆபீஸில் இறக்கிவிடுவதுதான் வேலை; வேனும் அந்த முதலாளியுடையதுதான். வழியில் ஒரு பெரிய நாற்சந்தி. பஸ், லாரி, பள்ளிக்கூடச் சைக்கிள் என்று எந்நேரமும் நெரிசல். அங்கிருந்த பழைய சிக்னலில் மேலே எரிந்தால் நிற்பேன், கீழே எரிந்தால் போவேன். நிறத்தோடு எனக்கு வேலையே இருக்கவில்லை.

இரண்டாயிரத்துக்குப் பிறகு ஒரு கோடையில் அதைக் கழற்றிவிட்டுப் புதுச் சிக்னல் மாட்டினார்கள். மூன்று விளக்குக்குப் பதிலாக ஒரே பெரிய வட்டம். நடுவில் எண்கள் குறைந்துகொண்டே வந்தன. “அதே லைட்டுதாம்ட்டி செவப்பாவும் எரியுது, பச்சையாவும் எரியுது” என்று வேனில் பெண்கள் அதிசயப்பட்டார்கள். எனக்கு மேல், கீழ் என்ற அடையாளமே போய்விட்டது.

முன்னால் போகிற வண்டியை ஒட்டிக்கொண்டே போய்ச் சமாளித்தேன். முன்னால் யாரும் இல்லையென்றால் மெதுவாகப் போய்ப் பின்னால் வருகிறவனை முந்தவிட்டேன். படுத்தால் அந்த வட்டம்தான் கண்ணுக்குள் நின்றது.

ஒருநாள் காலை முதல் ஆளாக மாட்டிக்கொண்டேன். பக்கத்தில் நின்ற பஸ் நகர்ந்தது. பச்சைதான் என்று நானும் கிளம்பினேன். அது சிவப்பிலும் இடப்பக்கம் திரும்பிப் போகிற பஸ். குறுக்கே, பால் கேன் கட்டிய மொபெட்டில் ஒரு அம்மா. பிரேக்கை மிதித்துவிட்டேன். இருந்தாலும் பம்பர் கேனில் இடித்து வண்டி சாய்ந்தது. முழங்கைச் சிராய்ப்போடு எழுந்துவிட்டார். பாலெல்லாம் ரோட்டில் ஓடியது.

“ஏலே, கண்ணு பொட்டையால ஒனக்கு?” என்று கத்தினார் அந்த அம்மா.

போலீஸ்காரரும் ஓடிவந்தார். “செவப்பு எரியுது, தெரியலையாவே?”

பிரேக் பிடிக்கவில்லை என்று பொய் சொன்னேன்.

ஆபீஸ் வாசலில் எல்லாரும் இறங்கியபின், எப்போதும் முன்சீட்டில் வருகிற பெண் மட்டும் இறங்காமல் இருந்தாள்.

“அண்ணாச்சி, பிரேக்கு நல்லாத்தான் பிடிச்சிச்சு. ஒங்களுக்கு நெறம் தெரியலையா?”

“வெளிய சொல்லிராத தாயி. வேற தொழில் தெரியாது. ரெண்டு பிள்ளைய இருக்கு.”

“எனக்குந்தான் இருக்கு. பின்னால இருக்கவியளுக்கும் இருக்கு.” இறங்கக் கதவைத் திறந்தவள் திரும்பிப் பார்த்தாள். “நான் முன்னால இருக்கேன்லா, சொல்லுதேன்.”

அன்றிலிருந்து அவள்தான் எனக்குக் கண். “நில்லுங்க” என்பாள், “போங்க” என்பாள், மற்றவர்களுக்குக் கேட்காத குரலில். மாலையில் அவர்களை ஊரில் இறக்கிவிட்டபின் சிக்னல் பக்கம் வேனை எடுக்கவே மாட்டேன்.

மழைக்காலம் தொடங்கியபோது ஒருநாள் அவள் வரவில்லை. பிள்ளைக்குக் காய்ச்சலாம். முன்சீட்டில் வேறொருத்தி உட்கார்ந்து பூக்கட்டிக்கொண்டிருந்தாள். சிக்னல் தெரிகிற தூரத்தில் வேனை ஓரங்கட்டி இன்ஜினை நிறுத்தினேன். கண்ணாடியில் பின்னால் பார்த்தேன். அரட்டையும் சிரிப்பும். என்னை நம்பி ஏறியவர்கள்.

“என்ன அண்ணாச்சி, நேரமாச்சுல்லா?”

“இறங்கி நடங்கம்மா. இனி நான் ஓட்டல.”

என்னமோ ஏதோ என்று பார்த்துக்கொண்டே இறங்கிப் போனார்கள். நானும் பின்னாலேயே நடந்துபோய், முதலாளி மேசையில் சாவியை வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன்.

“இத்தன வருசமும் இப்படியாவே ஓட்டுனீரு?” என்றார். திட்டவில்லை. அதுதான் தாங்கவில்லை. லேபிள் பிரிக்கிற வேலை தரட்டுமா என்று கேட்டார். அங்கேயும் நிறம்தான் என்றேன். கடைசியில் லாரியில் பண்டல் ஏற்றுகிற வேலை கிடைத்தது. நாற்பத்திரண்டு வயதில் முதல் வாரமே இடுப்பு கழன்றது.

வீட்டில் சொல்லத்தான் மூன்று நாள் ஆனது. சொன்னேன். என் மனைவி அழவில்லை, சண்டை போடவில்லை. கொடியில் காய்ந்த துணியை மடித்துக்கொண்டே கேட்டாள்:

“அப்பம் இத்தன வருசமா நான் கட்டுன சேலையெல்லாம் ஒங்களுக்கு என்ன நெறமாத் தெரிஞ்சுது?”