சட்டம் போட்ட கதை

என் ஆராய்ச்சி நெறியாளரை ஒரு காலத்தில் ஒன்பதாம் வகுப்பில் பெஞ்சு மேல் ஏற்றி நிற்க வைத்தவன் நான். திண்டிவனத்தில் அதே பள்ளியில் நான் இன்றும் உயிரியல் ஆசிரியர். அவர் விழுப்புரத்தில் ஒரு கல்லூரியில் பேராசிரியர். ஐம்பதை நெருங்கும்போது பெயருக்கு முன்னால் ‘முனைவர்’ போட்டுக்கொள்ளும் ஆசை வந்து, பகுதிநேர ஆராய்ச்சிக்குப் பதிவு செய்யப் போனேன். இடம் காலியாக இருந்த ஒரே நெறியாளர் அவர்தான். முதல் நாள் எழுந்து நின்று “வாங்க சார்” என்றார். உட்கார்ந்ததும் மரியாதையின் கையிருப்பு தீர்ந்துவிட்டது.

ஆராய்ச்சி முறையியல் தாளில் ஏற்கெனவே ஒரு முறை தோற்றிருந்தேன். இன்னொரு முறை தோற்றால் பதிவு ரத்து. முதல் தோல்விக்குக் காரணம் என் இலக்கிய வாசிப்பு. களக்குறிப்பில், “இளங்காற்றில் தும்பைப் பூக்கள் நாணித் தலைகுனிந்தன” என்று எழுதியிருந்தேன். ஓரத்தில் நெறியாளர் சிவப்பு மையில் கேட்டிருந்தார்: “நாணியதை எப்படி அளந்தீர்கள்?”

இந்த முறை வேலை இரண்டு. ஒரு தரிசு நிலத்தில் என்னென்ன பூண்டுச் செடிகள், எவ்வளவு முளைத்திருக்கின்றன என்று கணக்கிட வேண்டும். பிறகு, அறிவியல் படிக்காத ஒருவருக்கு அந்த ஆராய்ச்சியை விளக்கி, அவர் தம் வாயால் திருப்பிச் சொல்வதை போனில் பதிந்து வந்து வகுப்பில் போட்டுக் காட்ட வேண்டும்.

“சார், உங்க வைஃப் கிட்ட பேசி ரெக்கார்ட் பண்ணிட்டு வந்துடாதீங்க” என்றார் நெறியாளர்.

“அவங்க சயின்ஸ் படிக்கலியேம்மா?”

“இத்தன வருஷமா நீங்க பேசறதக் கேக்கறாங்களே சார். அந்த சாம்பிள் எப்பவோ கெட்டுப்போச்சு.”

முழு நிலத்தையும் எண்ண முடியாது என்பதால், மீட்டருக்கு மீட்டர் ஒரு சதுரத்தை அங்கங்கே வீசி, அது விழுந்த இடத்தில் மட்டும் எண்ணுவது வழக்கம். பிளம்பர் கடையில் நாலு துண்டு பிவிசி பைப்பும் நாலு எல்போவும் கொடுத்து ஒட்டச் சொன்னேன்.

“சார், தண்ணி எந்தப் பக்கம் பூரும்?”

“பூராது.”

“அப்ப எந்தப் பக்கம் வெளிய வரும்?”

“வராது.”

பிளம்பர் அதைச் சுழற்றிச் சுழற்றிப் பார்த்தார். “ஒண்ணு சார், எந்தக் காலத்திலயும் லீக்கு ஆவாது” என்று உத்தரவாதம் கொடுத்தார்.

புறவழிச்சாலையை ஒட்டி, மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பிடுங்கியபின் தரிசாகக் கிடந்த ஒரு நிலத்தைத் தேர்ந்தெடுத்தேன். ஒரு சனிக்கிழமை முழுக்க வீசி எண்ணினேன். கணக்கைப் பார்த்த நெறியாளர், “போட்டோவுல நெலம் பூரா கருவேல முள்ளு. உங்க கணக்குல ஒரு முள்ளுச்செடிகூட இல்லியே சார்?” என்றார்.

“தற்செயலா விழலம்மா.”

“தற்செயலா, பேண்ட்டு கிழியாத எடமா பாத்து வீசியிருக்கீங்க. கண்ண மூடிட்டு வீசுங்க சார்.”

அடுத்த சனிக்கிழமை கண்ணை மூடி, ஒரு சுற்றுச் சுற்றி வீசினேன். பைப் தரையில் விழும் சத்தம் வரவில்லை. ‘மே’ என்றது. கண்ணைத் திறந்தால், ஓர் ஆடு என் ஆராய்ச்சிக் கருவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தது. கருவேலம் புதருக்குப் பின்னாலிருந்து குச்சியோடு ஒரு அம்மாள் வந்தார். என் வயதுதான் இருக்கும்.

“யோவ்! யாருய்யா அது, ஆட்டு மேல ஜன்னலத் தூக்கி எறியறது?”

எனக்குத் தமிழ்ப் பற்று இல்லாதிருந்தால் அத்தோடு போயிருக்கும். கருவியின் ஆங்கிலப் பெயர் பிடிக்காமல், ‘சட்டம்’ என்று நானே பெயர் வைத்துப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

“பயப்படாதீங்கம்மா. சும்மா சட்டம் போட்டுப் பாக்கறேன்.”

குச்சி இறங்கியது. “சட்டமா? இன்னா சட்டம்?”

“சட்டத்துக்குள்ள எதெல்லாம் வருதோ, அத எழுதிப்பேன்.”

“எழுதிக்கினு?”

“விழுப்புரத்துக்கு அனுப்புவேன்.”

“அப்ப நம்ம நெலத்துல ரோடு வர்றது நெஜந்தான்.”

“ஐயோ, ரோடெல்லாம் இல்லீங்க. நான் வாத்தியாரு.”

“கணக்கெடுக்க வர்றவங்க எல்லாருமே வாத்தியாருதான் சாரு!”

இதை மறுக்க வழியில்லை. அரசு எதை எண்ண நினைத்தாலும் எங்களைத்தான் அனுப்புகிறது. ‘யோவ்’ போய் ‘சாரு’ வந்துவிட்டதை அப்போதே நான் கவனித்திருக்க வேண்டும்.

அடுத்த வாரம் போனபோது நிலம் உழப்பட்டிருந்தது. ஒரு பூண்டு இல்லை. வரிசை வரிசையாக மாங்கன்றுகள் நின்றன. ரோட்டுக்கு எடுக்கிற நிலத்தில் மரம் இருந்தால் இழப்பீடு கூடுதலாகக் கிடைக்குமாம். தும்பையும் தொய்யாக்கீரையும் மண்ணுக்குள் போயிருந்தன. திங்கட்கிழமை வகுப்பில் நான் பேச வேண்டும். நெறியாளருக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன்.

“சட்டம் போடறேன்னா சார் சொன்னீங்க?” என்றார். பிறகு வெகுநேரம் இருமினார். அது இருமல் இல்லை.

“எண்ணின வரைக்கும் கணக்கு போதும். உழுததையும் எழுதுங்க. ஆனா ரெண்டாவது வேலைய அந்தம்மாகிட்டயே பண்ணுங்க. அவங்களுக்குப் புரிஞ்சாதான் பாஸ்.”

ஞாயிற்றுக்கிழமை போனேன். அந்த அம்மாள் கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். இந்த முறை பைப்பைப் பைப்பு என்றே சொல்லி எல்லாவற்றையும் விளக்கினேன்.

“புல்லு பூண்ட எண்ணி?”

“எது எத்தன இருக்குன்னு தெரிஞ்சிப்பேன்.”

“தெரிஞ்சிக்கினு?”

“ஒரு கட்டுரை எழுதுவேன்.”

“எழுதி?”

“யாரும் படிக்க மாட்டாங்க.”

அங்கேதான் அவர் முகம் தெளிந்தது. அரசாங்கம் இவ்வளவு உண்மை பேசாது என்று தோன்றியிருக்க வேண்டும். போனைக் காட்டினேன். முந்தானையைச் சரிசெய்துகொண்டு பேசினார்.

திங்கட்கிழமை வகுப்பில், என் பிள்ளை வயது மாணவர்கள் நடுவில், அந்தக் குரல் ஒலித்தது.

“இந்த சாரு வாத்தியாரு. நெலத்துல இன்னா பூண்டு எத்தினி மொளைக்குதுன்னு பாக்கறாரு. எல்லாத்தியும் எண்ண முடியாது. அதனால பைப்ப வீசி, உள்ள இருக்கறத மட்டும் எண்ணிக்கினு, நெலம் பூரா அப்படித்தான் இருக்கும்னு நெனச்சிக்கறாரு. கண்ண மூடிக்கினு வீசணுமாம். தொறந்திருந்தா முள்ளு இல்லாத எடமா பாத்து வீசிடுவாராம். ரோட்டுக்கும் இவருக்கும் ஒண்ணும் இல்ல. இதனால யாருக்கும் ஒண்ணும் ஆவாது.”

வகுப்பு சிரித்து அடங்கியது. நான் போனை நிறுத்த மறந்துவிட்டேன். பதிவில் என் குரலும் வந்தது: “அப்ப மாங்கன்ன எடுத்துட்டு நெலத்த பழையபடி வுட்டுடுவீங்களாம்மா?”

“இன்னா சாரு, பேஜாரு பண்ற. உன்ன நம்பறேன். கன்னு இருக்கட்டும். நாளைக்கி நெஜமாவே ஒரு ஆளு சட்டத்தத் தூக்கிக்கினு வந்துட்டா?”

தேறாமல் போயிற்று என்று நினைத்துக்கொண்டு நெறியாளரைப் பார்த்தேன். அவர் என் தாளில் எழுதிக்கொண்டிருந்தார்.

“ஒரே ஒரு ஆள வச்சி முடிவுக்கு வரக்கூடாதுங்கறதும் அந்தம்மாவுக்குப் புரிஞ்சிருக்கு சார்” என்றார். “நான் நடத்தாத பாடம். பாஸ்.”