புளி போட்டுத் தேய்த்த காலணா

துறைமுகச் சாலை டீக்கடையில் பத்து ரூபாய் நாணயத்தை நீட்டினேன். செல்லாது என்று கடைக்காரர் திருப்பித் தந்தார். நாணய வழக்கென்றால் நம் எல்லோருக்கும் ஒரே நீதிபதிதானே? ஞானமுத்து அண்ணாச்சிக்குப் போன் போட்டேன். எடுத்தது அவர் மனைவி எஸ்தர் மதினி. "காலையில நம்மள விட்டுப் போயிட்டாவ, தம்பி" என்றார். டீயை அப்படியே வைத்துவிட்டு நடந்தேன்.

கப்பல் ஏஜென்சி ஆபீசில் பல வருடம் எனக்குப் பக்கத்து மேசை அவருக்கு. சாப்பாட்டு நேரமானால் திரேஸ்புரத்திலிருந்தும் உடன்குடியிலிருந்தும் பழைய காசை முடிந்துகொண்டு ஆட்கள் வந்துவிடுவார்கள், விலை போகுமா என்று கேட்க. "பழசு வேற, அபூர்வம் வேற" என்று அவர் சொல்லாத நாளில்லை. நம் சனமோ செம்புக் குடத்துக்குச் செய்வதையே காசுக்கும் செய்து, புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று கொண்டுவரும். காசு சேகரிப்பவர்கள் தேய்த்த காசைச் சீண்டமாட்டார்கள். அண்ணாச்சி தலையில் அடித்துக்கொள்வார். "புளி போட்டியா, ஏளா? அழுக்கோட வெலையும்லா போச்சு!"

மீன் விற்கும் ஒரு பெண்ணின் காலணாவுக்குப் பத்து லட்சம் தருவதாகப் போனில் ஒருவன் சொல்லியிருந்தான். முதலில் ஐயாயிரம் கட்டணம் கட்ட வேண்டுமாம். கம்மலை அடகு வைக்கப் போகிற வழியில் அந்தப் பெண் எங்களிடம் வந்தார். அண்ணாச்சி போனை வாங்கினார். "ஏலே, அந்தப் பத்து லட்சத்துல ஐயாயிரத்தக் கழிச்சுக்கிட்டு மிச்சத்தக் குடுலே!" அவன் போனை வைத்துவிட்டான். கம்மல் காதிலேயே இருந்தது.

அவர் காசுக்கும் விலை கேட்கும் நாள் வந்தது. இதய ஆபரேஷன் என்றானதும், மதினியின் சங்கிலியைத் தொடக் கூடாது என்று தன் பிஸ்கட் டின்னை விற்கத் துணிந்தார். வாழ்நாளெல்லாம் சேர்த்த காசுகள் அதில்தான் இருந்தன. மதுரை வியாபாரி வந்து மூடியைத் திறந்தார். அத்தனையும் புதுக்காசு மாதிரி மின்னின. மதினி புளி போட்டிருந்தார்! வியாபாரி தண்ணீர்கூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டார். எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது கோபம். அண்ணாச்சி ஒரு காசை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நல்லாத்தான் மின்னுதுளா" என்றார்.

சங்கிலி அடகுக்குப் போனது. ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. பிறகு பல வருடம் ஊரார் காசைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார், சங்கிலியையும் மீட்டுக் கொடுத்தார்.

அடக்கம் முடிந்த மறுவாரம் மதினியிடம் கேட்டேவிட்டேன். "அன்னைக்குத் தெரியாமத்தான தேச்சிய?"

"ஊருக்கே சொன்ன மனுசன் எனக்குச் சொல்லாமலா இருந்திருப்பாவ? தெரிஞ்சுதான் தேச்சேன். சங்கிலிய மீட்டுக்கிடலாம். அந்த டப்பா போயிருந்தா, ஆபரேஷனுக்கப்புறம் அவிய எதப் பாக்கன்னு எந்திரிச்சு உக்காருவாவ?"

"அண்ணாச்சிக்குத் தெரியுமா?"

"கடைசிவரைக்கும் ஏன் தேச்சன்னு கேக்கலையே" என்று சிரித்தார். கண் நிறைந்திருந்தது.

அப்போது புன்னைக்காயல்காரர் ஒருவர், சாவுச் செய்தி தெரியாமல், காசுப் பொட்டலத்தோடு வாசலில் வந்து நின்றார். திருப்பி அனுப்ப எழுந்தேன். அதற்குள் மதினி அண்ணாச்சி காசு பார்க்கும் லென்ஸை எடுத்துக்கொண்டு என்னைத் தாண்டிப் போய்விட்டார்.

"வாங்க. புளி கிளி போட்டியளா?"

டின்னிலிருந்து ஒரு காலணாவை எனக்குத் தந்திருக்கிறார். சட்டைப்பையிலேயே வைத்திருக்கிறேன். நம் ஊர் உப்புக்காற்றில் அது மறுபடி கறுக்கத் தொடங்கியிருக்கிறது. நான் தேய்க்கப் போவதில்லை.