நாக்குமீன் பார்த்த காலை

அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பங்களாச் சமையல்காரராக இருந்த செல்லசாமிக்கு முப்பத்தைந்து வயதுவரை கடல் தெரியாது. மீன் தெரியும். வெள்ளிக்கிழமைதோறும் கொழும்பிலிருந்து ரயிலில், ஐஸும் மரத்தூளும் போட்ட பெட்டியில், துரைக்குப் பிடித்த நாக்குமீன் வரும்.

தட்டையான அந்த மீன் அவர் மனதைப் பிடித்துக்கொண்டது. ஒரு பக்கம் மண்நிறம், மறுபக்கம் வெள்ளை. இரண்டு கண்ணும் மண்நிறப் பக்கத்திலேயே. குடலைக் கீறினால் புழு, பொடி இறால், மணல்.

"இது தரையிலதான் படுத்துக் கெடக்கும் பூரணி. வெள்ளப் பக்கம் கீழ," என்பார் மனைவியிடம்.

கொழுந்து பறித்துக் களைத்து வந்தவள், "நீங்க போயிப் பாத்தீங்களாக்கும்," என்பாள்.

ஒருநாள் துரையின் மனைவி, துரைசாணி, ஒரு புத்தகப் படத்தைக் காட்டினாள். குஞ்சில் மற்ற மீனைப் போல நிமிர்ந்துதான் நீந்துமாம்; பக்கத்துக்கு ஒரு கண். பிறகு ஒரு கண் மெல்ல நகர்ந்து, தலையைத் தாண்டி மற்றதோடு சேர, மீன் சாய்ந்து தரையோடு படுத்துவிடுமாம். உயிரோடு அதை ஒருதரம் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை அன்று பிடித்தது.

1954 தை மாதம் துரை குடும்பம் நீர்கொழும்புக் கடற்கரையில் இரண்டு வாரத்துக்கு வீடெடுத்தது. சமையலுக்கு அவரையும் அழைத்தார்கள். மகள் நாகலெட்சுமிக்கு ஐந்து வயது, லேசான காய்ச்சல்.

"போகட்டுமா?"

"வேணாம்னா நிக்கவா போறீங்க?" என்றாள் பூரணி.

போனார்.

ஏழாம் நாள் காலை, அந்தோனி என்ற மீனவர் அவரை முழங்கால் தண்ணீரில் நிறுத்தி, "அங்க பாருங்க," என்றார். மணல்தான் தெரிந்தது. வெகுநேரம் பார்த்தபின் மணலில் மிளகு போல இரண்டு கண்கள். அந்தோனி கம்பால் தொட்டார். மணலே பெயர்ந்ததுபோல் ஒன்று எழும்பி, ஓரச் செட்டைகள் நெளிய, சற்றுத் தள்ளி இறங்கியது. உடம்பைச் சிலுப்பி மணலை மேலே போட்டுக்கொண்டது. நிறமும் அந்த இடத்து மணலாகவே மாறியது. செல்லசாமி தன்னையறியாமல் சிரித்தார்.

மதியம் விருந்தாளிகள். மீனைப் பொரித்துப் பரிமாறி, தட்டுகளைக் கழுவி முடித்த பிறகு துரைசாணி ஒரு தந்தித் தாளை நீட்டினாள். "பிள்ளைக்கு ரொம்ப சுகமில்லையாம். நீ போகலாம்."

வழியில் தந்திக்காரர் எதிர்ப்பட்டார். செல்லசாமி அவரிடம் தாளைக் காட்டினார்.

"காலை எட்டு மணிக்கே குடுத்தேனே. உங்களத்தான் கேட்டேன். கடலுக்குப் போயிருக்கிறதாச் சொல்லி அம்மா வாங்கிக்கிட்டாங்க."

எட்டுக்கே கிளம்பியிருந்தால் பகல் ரயில் கிடைத்திருக்கும். இரவு மெயிலில் வந்து, மறுநாள் காலை லயத்து வீட்டில் நுழைந்தபோது ஆட்கள் குழி வெட்டப் போயிருந்தார்கள்.

"நேத்து விளக்கு வைக்கிற வரைக்கும் பேசிக்கிட்டுத்தான் இருந்தா," என்றாள் பூரணி.

பங்களாவிலிருந்து வேலைக்குக் கூப்பிட இரண்டு முறை ஆள் வந்தது. செல்லசாமி போகவில்லை; கங்காணியிடம் கேட்டுக் கவ்வாத்து வேலைக்குப் போனார், தேயிலைச் செடி வெட்ட. தந்தியைத் துரைசாணி மறைத்ததைப் பூரணியிடம் சொன்னார். மீதியைச் சொல்லவில்லை. தான் குசினியில் அடுப்போடு நின்றிருந்தால் அது தன் கைக்கே வந்திருக்கும் என்பது அவரை அரித்தது.

ஐப்பசி மழையில் ஒரு காலை அவளே கேட்டாள். "தந்தி வந்தப்ப எங்க இருந்தீங்க?"

"கடல்ல. நாக்குமீன் பாத்துக்கிட்டு."

பூரணி அடுப்புக்குள் விறகைத் தள்ளினாள். "எப்படி இருந்துச்சு?"

"மணலுக்குள்ள கெடந்துச்சு. கண்ணு மட்டுந்தான் தெரிஞ்சுச்சு."

அவள் கூடையை எடுத்துக்கொண்டு, ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய்விட்டாள். அதன்பின் 1965இல் அவர் நெஞ்சுநோவில் சாகும்வரை அந்த வீட்டில் மீன் வாங்கவில்லை.